தோளைத் தட்டியவர்

அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்புகிற ஹெலிகாப்டர் எங்கள் ஊருக்கு மேலே போகும்போது திருத்தணியே அண்ணாந்து பார்க்கும். மலைப்படியில் காவடியோடு ஏறுகிறவர்கூட ஒரு படியில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் காலை வைப்பார். என் அக்கா புருஷன் பிரபுதாஸ் மட்டும் தரையைப் பார்ப்பார். சத்தம் தலைக்கு மேலே வந்து, கடந்து, மலைக்குப் பின்னால் போய் ஓய்கிற வரைக்கும் அவர் கண் காலடி மண்ணிலேயே இருக்கும். ராணுவத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

என் பெயர் ஆல்பின். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் அதிகம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். பாவாவுக்கு, அக்கா புருஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம், வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். இருபத்தோரு வருடம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக வெளியே வந்தவர். இப்போது ஒரு பாங்கில் காவலாளி. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், சொந்த லைசென்ஸில் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அந்தத் துப்பாக்கியைப் பிரித்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். இத்தனை வருடத்தில் அதில் ஒரு தோட்டா வெடித்ததில்லை. ஆனால் அதன் உட்புறம் எங்கள் வீட்டுப் பாத்திரங்களைவிடச் சுத்தமாக இருக்கும்.

ராணுவத்தில் என்ன வேலை செய்தார் என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று விடாமல் நச்சரித்துக் கேட்டேன். பிரியாணித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஹெலிகாப்டர் கதவாண்ட நிக்கிறது. கயிறை கீழ தொங்கவிடறது. அது தரையில உழுந்து கெடக்குதான்னு பாக்கறது. பாத்துட்டு, எறங்கப்போறவன் தோளைத் தட்டறது. தட்டுனா எறங்குவான். அவ்ளோதான்."

"எத்தினி பேரை தட்டியிருப்ப பாவா?"

"எண்ணல."

அதற்கு ஸ்லிதரிங் என்று பேராம். எம்.ஐ. பதினேழு என்கிற பெரிய ஹெலிகாப்டர் தரை இறங்காமல், ஐந்து மாடி உயரத்தில் அப்படியே நிற்கும். வீரர்கள் முதுகில் துப்பாக்கியும் மூட்டையுமாக, தோல் கையுறை போட்ட கையால் கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று வழுக்கி இறங்குவார்கள். இடுப்பில் கட்டு கிடையாது. கைப்பிடிதான் எல்லாம். நாள் முழுக்கப் பயிற்சி நடந்தால் கையுறை கருகி, முகாம் முழுக்கத் தோல் கருகிய வாடை அடிக்குமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. முகத்தில் வேறொன்றும் இல்லை.

அவரோடு வாழ்வது கஷ்டம் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். ஆனால் என் அக்கா பெர்சிஸ் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அவரு அம்மா செத்தப்ப கூட அழுவலடா. சவப்பெட்டி எறக்கற கயிறை மட்டும் தொட்டுத் தொட்டு பாத்துகினு இருந்தாரு." கயிறு என்றால் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டில் துணி காயப்போடும் கொடியைக் கட்டினால் மிச்சக் கயிறு இரண்டு முழம் தரையில் கிடக்கும். கிணற்றுக் கயிறும் அப்படித்தான், தேவைக்கு மேல் நாலு முழம் சுருண்டு கிடக்கும். அக்கா தடுக்கி விழாத மாதம் இல்லை. வெட்டிப் போடு என்றால் மட்டும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது ஒன்றுதான் அவருக்கு வருகிற கோபம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை பள்ளிப்பட்டுக்குப் போவார். பாங்கு வேலையில் சேர்ந்த பிறகு அது இரண்டாம் சனிக்கிழமை என்று நிலைத்தது, அன்றைக்குப் பாங்கு லீவு. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். பள்ளிப்பட்டில் துளசிங்கம் வீட்டில் ஒரு மணி நேரம் உட்காருவார். திரும்பி வருவார். ராணுவத்திலிருந்து வந்தது முதல் பதினாலு வருடமாக இது தவறியதில்லை.

துளசிங்கம் நெசவுக்காரக் குடும்பம். வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓடுகிறது. பாவாவோடு ஒரே கம்பெனியில் சிப்பாயாக இருந்தவர். பயிற்சியில் கயிற்றிலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இரண்டாயிரத்து ஏழில் நடந்தது அது. அப்போதிலிருந்து சக்கர நாற்காலிதான். ராட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, தறிக்கு வேண்டிய நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலை. நான் இரண்டு மூன்று தடவை பாவாவை வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஆள் வாயாடி, எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. யாராவது புதிதாக வந்து கால் எப்படிப் போச்சு என்று கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்: "நடு ஆகாசத்துல பயம் வந்துச்சுங்க. கையை உட்டுட்டேன். நான் கையை உட்ட கேசு." கேட்கிறவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. பாவா அப்போது ராட்டையையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், துளசிங்கத்தின் மகள் யோகலட்சுமி எங்கள் அக்கா வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது. நல்ல உயரம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ராணுவத்தில் பெண்களை எடுக்கிறார்களே, அதற்கு எழுதி, ஓடி, தாண்டி, மருத்துவப் பரிசோதனையும் முடித்துத் தேறியிருந்தாள். புதன்கிழமைக்குள் அப்பாவின் சம்மதக் கையெழுத்தோடு காகிதங்களைக் கொடுக்க வேண்டும். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"ஏன் போட மாட்டாராம்?" என்றாள் அக்கா.

"பயம் மேல போனாத்தான் தெரியும்னு சொல்றாரு அத்தை. 'எனக்கு அங்க தெரிஞ்சிது, உனக்கும் அதே ரத்தந்தான், நீயும் கையை உடுவ'ன்னு சொல்றாரு. நாலு நாளா நைனா எங்கூட பேசறதே இல்ல." பாவாவின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கதான் கூட இருந்தீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

பாவா துப்பாக்கியின் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "நீ சாப்டுட்டு போ. நான் வரேன்" என்றார்.

அவள் போன பிறகு அவர் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வண்டி எடு" என்றார். எனக்கு அப்போதுதான் கண் அசந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன்.

கே.ஜி.கண்டிகையில் டீக்கடையைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற ஆட்டோவிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அவன் கையை உடல."

"யாரு?"

"துளசிங்கம். கயிறு தரையில இல்ல. அந்தரத்துல தொங்கினு இருந்துது."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். நான் அவரிடமிருந்து அதுவரை கேட்ட பேச்சு எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வராது. ஒவ்வொருத்தனாக இறங்க இறங்க ஹெலிகாப்டரின் பாரம் குறையும். பாரம் குறைந்தால் அது தானாகக் கொஞ்சம் மேலே எழும்பும். பைலட் அதைப் பிடித்துக் கீழே அழுத்துவார், ஆனால் எல்லாத் தடவையும் சரியாக அமையாது. அதனால்தான் கதவில் நிற்கிறவன் ஒவ்வொரு ஆளுக்கும் குனிந்து பார்க்க வேண்டும். கயிற்றின் முனை தரையில் சுருண்டு கிடந்தால்தான் தோளைத் தட்ட வேண்டும். அன்றைக்கு அந்தக் கதவில் எட்டுப் பேர். கீழே செம்மண் புழுதி. முதல் ஐந்து பேருக்குப் பார்த்தார். ஆறாவது ஆளுக்குப் புழுதி மறைத்தது, முன்பு இருந்த இடத்தில்தானே இருக்கும் என்று தட்டினார். அவன் பிழைத்தான். ஏழாவது ஆளும் எப்படியோ குதித்துப் பிழைத்தான். கடைசி ஆள் துளசிங்கம், முதுகில் எல்.எம்.ஜி. எனும் இயந்திரத் துப்பாக்கி. பாவாவின் கை அந்த வேகத்திலேயே போய் அவர் தோளைத் தட்டியது.

"தட்டனதுக்கு அப்பறம் பாத்தேன். புழுதி ஒரு நிமிசம் வெலகுச்சு. கயிறு முனைக்கும் பாறைக்கும் நடுவுல ரெண்டு ஆள் உயரம். அவன் பாதி தூரம் போயிட்டான். கத்தனேன். அந்த சத்தத்துல என்ன கேக்கும்? கடைசி வரைக்கும் கெட்டியா புடிச்சிகினு போனான் மச்சான். கயிறு முடிஞ்சி போச்சு."

டீ ஆறிவிட்டது. விசாரணையில் அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டாராம்: கயிறு தரையில் இருந்ததா? ஆமாம் என்றார் பாவா. ஏழாவது ஆள் புழுதியில் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். துளசிங்கத்துக்கு அடிபட்டதில் எதுவும் நினைவில்லை. கயிறு தரையில் இருந்தது என்று ஹவில்தார் சொல்கிறார், அப்படியானால் நீதான் கையை விட்டிருக்கிறாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவரும் நம்பிவிட்டார். அண்ணன் பொய் சொல்வாரா என்று.

"பயந்தவன் அவன் இல்ல" என்றார் பாவா. "நான்."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை மாதம் அந்த ஆள் 'கையை உட்ட கேசு' என்று சொல்லிச் சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே இந்த மனுஷன்! "எப்டி பாவா உன்னால முடிஞ்சிது?" என்று கத்தியே விட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியல. ஒண்ணுமே தெரியல எனக்கு. அன்னியிலேர்ந்து எதுவும் உள்ள போக மாட்டேங்குது. அழுதா நல்லா இருக்கும்னு பாக்கறேன். வரல." டம்ளரை வைத்தார். "இப்ப போயி சொன்னா அந்தப் பொண்ணுக்கு கையெழுத்து கெடைக்கும். சொல்லலன்னா கெடைக்காது. சொன்னா அவன் என் மூஞ்சில முழிக்க மாட்டான். எனக்கு வேற எடமும் இல்ல போறதுக்கு. வண்டி எடு."

பள்ளிப்பட்டில் தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. துளசிங்கம் ராட்டை முன்னால் இருந்தார். பாவாவைப் பார்த்ததும், "இன்னாண்ணா, இது ரெண்டாவது சனிக்கெழமை இல்லியே" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். விஷயம் புரிந்துபோயிற்று. "ஓ, சிபாரிசா? நீ வேணாம்ணா. உனக்கே தெரியும் எங்க ரத்தம்."

பாவா வழக்கமாக உட்காருகிற ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "தறிய நிறுத்தச் சொல்லு" என்றார். துளசிங்கத்தின் மனைவி புவனா போய் நிறுத்தினாள். சத்தம் போனதும் வீடே காலியானதுபோல் இருந்தது.

டீக்கடையில் சொன்னதையேதான் சொன்னார். வார்த்தை மாறவில்லை, குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பாங்கில் டோக்கன் எண் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். துளசிங்கம் ராட்டையை நிறுத்தவே இல்லை. தார் நிறைந்து வழிந்தும் சுற்றிக்கொண்டே இருந்தார். புவனாதான் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"எத்தினி அடி?" என்று கேட்டார் துளசிங்கம்.

"பத்து. பன்னெண்டு இருக்கும்."

"அப்ப நான் கையை உடல."

"உடல. நீ கடைசி வரைக்கும் புடிச்சிகினுதான் இருந்த."

துளசிங்கம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டார். புவனா பாவாவைப் பார்த்தாள். "தூக்கத்துல கத்துவாரு அண்ணா. 'உடல, நான் உடல'ன்னு கத்துவாரு. நான்தான் எழுப்பி, 'உட்டது உட்டாச்சு, போவட்டும், தூங்கு'ன்னு சொல்வேன். வருசக்கணக்கா நானே சொல்லியிருக்கேன்" என்றவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவா நின்ற இடத்திலேயே நின்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"மாசா மாசம் வந்தியே" என்றார் துளசிங்கம். சிரிக்கவில்லை. அவர் முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "இந்த ஸ்டூலுலதான உக்காந்த? ஒரு தடவ கூட வாயில வரலியா?"

துளசிங்கம் மகளின் பக்கம் திரும்பினார்.

"யோகா, அந்தக் காயிதத்த எடு."

அவள் ஃபைலைக் கொண்டுவந்து பேனாவை நீட்டினாள். துளசிங்கம் படித்துப் பார்க்காமல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மகளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவளைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மேல நிக்கிறவன் தோளைத் தட்டறான்னு எறங்காத. கயிறு தரையில கெடக்குதான்னு நீயே குனிஞ்சி பாரு. பாத்துட்டு எறங்கு."

அவள் தலையாட்டினாள். பாவாவும் தலையாட்டினார். "ஆங். அதான் சரி. அப்டித்தான் செய்யணும்" என்றார், பயிற்சி வகுப்பில் பதில் சொல்வதுபோல.

யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. வெளியே வந்தோம். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. திருத்தணி வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

யோகலட்சுமி காகிதங்களைக் கொடுத்துவிட்டாள் என்று அக்காவுக்குப் போன் வந்தது. பாவா பாங்குக்குப் போனார், வந்தார். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வந்தது. காலையில் குளித்து, சட்டை போட்டு, செருப்பை மாட்டினார். பஸ் ஸ்டாண்ட் வரை போய் ரஸ்க் பாக்கெட்டும் வாங்கியிருக்கிறார். பள்ளிப்பட்டு பஸ் வந்து, நின்று, போயிருக்கிறது. திரும்பி வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பாக்கெட்டை மடியில் துப்பாக்கியைப்போல் வைத்துக்கொண்டார். நான் ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு என் போன் அடித்தது. துளசிங்கம்.

"எங்க உங்க பாவா? மணி இன்னா ஆவுது?"

"இங்கதாங்க இருக்காரு. கடையில."

"பஸ் இல்லியாமா?"

நான் பாவாவைப் பார்த்தேன். போனின் சத்தம் வெளியே நன்றாகவே கேட்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுங்க" என்றேன்.

துளசிங்கம் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். "அந்த ஆளு மேல எனக்கு கோவம் இன்னும் ஆறல, ஆறுமான்னும் தெரியல. வந்தா திட்டுவேன். திட்டறதுக்காவது வரச் சொல்லு. அப்பறம், ரஸ்க் வேணாம்னு சொல்லு. எனக்கு ரஸ்க்கு என்னிக்குமே புடிக்காது. வாங்கியாறாரேன்னு பதினாலு வருசமா தின்னுகினு இருக்கேன்."

போனை வைத்துவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினேன். பாவா ரஸ்க் பாக்கெட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வேற இன்னா புடிக்கும் பாவா? போற வழியில வாங்கிக்கலாம்" என்றேன்.

அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போயிற்று. என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று அது.

"கேக்கவே இல்லியே நானு" என்றார்.